கொலை ஒன்று, கேள்வி நான்கு: க்ரைம் நாவலைப் படிப்பதும் பிறருக்குச் சொல்வதும்

சேலத்தில் மே மாதம் பழக்கடையில் போய் "மாம்பழம் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "மல்கோவாவா, குண்டா, இமாம் பசந்தா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கேட்காமல் கையில் கிடைத்ததை நிறுத்துப் போடும் கடைக்கு மறுமுறை யாரும் போவதில்லை. க்ரைம் நாவல் விஷயத்தில் மட்டும் நாம் எல்லோரும் அந்தக் கடைக்காரராகத்தான் இருக்கிறோம். "நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், நமக்குப் பிடித்ததை எடுத்து நீட்டிவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து அது பாதியில் மடித்து வைத்த பக்கத்தோடு திரும்பி வருகிறது.

அதில் புத்தகத்தின் தவறும் இல்லை, வாசித்தவரின் தவறும் இல்லை. க்ரைம் என்ற ஒரே பலகையின் கீழ் நான்கு விதமான சரக்கு விற்கிறது. எது எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால் படிப்பதும் சுலபம், பிறருக்குச் சொல்வதும் சுலபம்.

முதலில் பெயர்களை ஒழுங்கு செய்துகொள்வோம். தமிழில் துப்பறியும் கதை, மர்ம நாவல், க்ரைம் நாவல், திகில் கதை, சஸ்பென்ஸ் எல்லாவற்றையும் அட்டையில் மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பொதுவாகச் சொன்னால், குற்றம் நடுவில் இருக்கும் எதுவும் க்ரைம். அதில் ஒரு புதிர் இருந்து, கடைசியில் அது அவிழ்ந்தால் மர்மம். அவிழ்ப்பதற்கென்றே ஒரு ஆள் இருந்தால் துப்பறியும் கதை. திகில் என்று போட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்குள் ஆவி, மாந்திரீகம், முன்ஜென்மம் எல்லாம் அடங்கும். துப்பு தேடிப் படிக்கிறவருக்கு 140ஆம் பக்கத்தில் "செய்தது மோகினி" என்று தெரியவந்தால் புத்தகம் சுவரில் அடிபடும்.

ஒரு கொலையை வைத்துப் பார்ப்போம்

இதற்காகவே ஒரு கற்பனை நாவலை உருவாக்கிக்கொள்ளலாம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட். மார்ச் 16, காலை ஆறரை. பால் கொண்டுவரும் பெண் பங்களாக் கதவைத் தட்டுகிறாள், பதில் இல்லை. உள்ளே முதலாளி இறந்து கிடக்கிறார். சந்தேகத்துக்கு நான்கு பேர்: கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், மிளகு வாங்கும் வியாபாரி, சேலத்தில் படிக்கும் மகள், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் தம்பி. கொன்றது தம்பி. அண்ணனைத் தன் பட்டறையிலேயே முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குக் கொன்று, விடிகாலை மூன்று மணிக்கு மேல் குப்பனூர் வழியாக மேலே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

முடிவை உடைத்தாயிற்று; நம் கதைதான், பரவாயில்லை. இதே கொலையை நான்கு எழுத்தாளர்கள் நான்கு நாவலாக எழுதுவார்கள்.

முதலாமவர் கேட்பது "யார்?" நான்கு பேரையும் சம அளவு சந்தேகத்தோடு நடமாடவிடுவார். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய், ஒரு காரணம். தம்பியின் முகமூடி கடைசி இருபது பக்கத்தில் கழலும். வாசகருக்கு இது ஒரு போட்டி. கண்டுபிடித்தால் அவருக்கு வெற்றி, முடியாவிட்டால் எழுத்தாளருக்கு வெற்றி.

இரண்டாமவர் கேட்பது "எப்படி?" தம்பிமேல் சந்தேகம் 30ஆம் பக்கத்திலேயே வந்துவிடும். ஆனால் டாக்டர் கணக்குப்படி மரணம் நள்ளிரவு ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் தம்பி சேலத்தில் ஒரு கோயில் திருவிழாவில் நாற்பது பேர் நடுவே நின்றிருக்கிறார். எப்படி முடியும்? விடை தட்பவெப்பத்தில் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இரண்டுக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் எப்போதும் உண்டு. மார்ச் மாதத்தில், மூடிய பட்டறைக்குள் உலைச்சூடும் சேர்ந்தால் உடல் மெதுவாகத்தான் குளிரும். அதை ஏற்காட்டுக் குளிரில் கண்டெடுக்கும் டாக்டர், "இன்னும் சூடு இருக்கிறதே, அப்படியானால் இறந்து அதிக நேரம் ஆகியிருக்காது" என்று கணக்கிட இடம் இருக்கிறது. எழுத்தாளர் நேர்மையானவராக இருந்தால் அந்தக் கணக்குக்கு எதிரான சாட்சியையும் அதே பக்கத்தில் வைப்பார்: வெயில் நாட்டில் உடல் சீக்கிரம் விறைக்கும், இங்கே உடலில் சூடு மிச்சம் இருக்க, விறைப்போ தலை முதல் கால் வரை முழுமையாக இருக்கிறது. இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. கூடவே இன்னொன்று. இறந்த பின் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும், ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அங்கேயே பதிந்துவிடும். எட்டு மணி நேரம் மல்லாந்து கிடந்த உடலைக் குப்புறப் போட்டால் அந்தச் செந்நீலக் கறை பெரும்பாலும் முதுகிலேயே நின்றுவிடும். குப்புறக் கிடந்தவருக்கு முதுகில் கறை ஏன்? நாவலே அந்த ஒரு வரியில் நிற்கிறது.

மூன்றாமவருக்கு "யார்", "எப்படி" இரண்டும் அலுத்துப்போன சங்கதி. அவர் கேட்பது "ஏன்?" அப்பா காலத்துப் பாகப்பிரிவினையில் மலை அண்ணனுக்கும், நகரத்துப் பட்டறை தம்பிக்கும் போனது, வெள்ளி விலை ஏறி இறங்கியதில் தம்பி மாட்டிக்கொண்டது, அண்ணன் வட்டிக்குக் கொடுத்தது, தோட்டத்தில் மூன்று தலைமுறையாக லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்கள் இரண்டு குடும்பத்துக்கும் என்னவாக இருந்தார்கள் என்பது. கொலைகாரர் யார் என்று பாதியிலேயே தெரிந்தாலும் கை புத்தகத்தை விடாது. இன்றைக்கு உலகெங்கும் பேசப்படும் க்ரைம் எழுத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. இந்த நாவலைப் "போட்டி" வாசகரிடம் கொடுத்தால் "இழுவை" என்பார். போட்டி நாவலை இந்த வாசகரிடம் கொடுத்தால் "ஆளெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது" என்பார். இரண்டு பேரும் சொல்வது சரி.

நான்காமவர் முதல் பக்கத்திலேயே தம்பியைக் காரில் உட்காரவைத்து, டிக்கியில் உடலோடு மலை ஏற்றிவிடுவார். கேள்வி "மாட்டுவானா?" எதிரே வரும் பால் வண்டி, திடீரென்று கூப்பிடும் மகளின் போன், சட்டையில் ஒட்டிய வெள்ளித்தூள். வாசகருக்கு எல்லாம் தெரியும், போலீசுக்குத் தெரியாது. இப்படித் தலைகீழாக எழுதும் வழக்கம் புதிதில்லை. ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியிலேயே குற்றத்தை முதல் பாதியிலும் கண்டுபிடிப்பை இரண்டாம் பாதியிலும் வைத்து எழுதிக் காட்டிவிட்டார்.

நல்ல நாவல் இரண்டு கேள்விகளைக் கையாளும். ஆனால் முதன்மைக் கேள்வி ஒன்றுதான் இருக்கும். அது என்னவென்று முதல் முப்பது பக்கத்தில் தெரிந்துவிடும். முதல் அத்தியாயம் முடிந்ததும் "இப்போது நான் எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில்தான் அந்த நாவலின் வகை. எதையும் தெரிந்துகொள்ளத் துடிக்கவில்லை என்றால், பாக்கெட் நாவலை 30ஆம் பக்கத்திலும் பெரிய நாவலை 80ஆம் பக்கத்திலும் மூடிவைக்கலாம். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

துப்பு என்பது மூன்று துண்டு

புதிதாகப் படிக்கிறவர்கள் துப்பு என்றால் ரத்தக் கறையும் சிகரெட் துண்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல துப்பு மூன்று துண்டாகப் பிரிந்து மூன்று இடத்தில் கிடக்கும்: ஒரு செய்தி, ஒரு வாய்த்தவறு, இரண்டையும் சேர்க்கத் தேவையான அறிவு.

நம் நாவலுக்கே வருவோம். காப்பிச் செடி கோடையில் ஒரு நல்ல மழை பெய்து எட்டு, பத்து நாளில் பூக்கும். மலைச்சரிவே மல்லிகை மாதிரி வெளுத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான், பிறகு வாடிவிடும். மார்ச் 5ஆம் தேதி மழை என்று வைத்துக்கொள்வோம். 14ஆம் தேதி பூக்கிறது. 15ஆம் தேதி இரவு உடல் மேலே போகிறது. 16ஆம் தேதி மதியம் சேலம் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் தம்பி நிற்கிறார். "பதினைஞ்சு நாளா மலைப்பக்கமே போகலைங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறார். அதே மூச்சில் அழுதுகொண்டே, "பூ வாசனையில தலையே சுத்துது, அதைப் பார்க்க அண்ணன் இல்லையே" என்கிறார்.

செய்தி: மழை 5ஆம் தேதி. அது 12ஆம் பக்கத்தில் வரவேண்டும். வாய்த்தவறு: பூ வாசனை. அது 60ஆம் பக்கத்தில். சேர்க்கும் அறிவு: மழைக்கும் பூவுக்கும் உள்ள நாள் கணக்கு. இந்த மூன்றாவதைத்தான் சோம்பேறி எழுத்தாளர்கள் விட்டுவிடுகிறார்கள். ஏற்காட்டுக்காரருக்கு இது தெரியும்; நாகப்பட்டினத்துக்காரருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே எங்கோ ஓரிடத்தில் மேஸ்திரி ஒருவர் "மழை பெஞ்சு பத்து நாள் பொறுங்க சாமி, அப்புறம் பாருங்க தோட்டத்தை" என்று யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்றும் முன்கூட்டியே பக்கத்தில் இருந்தால் அது நேர்மையான துப்பு. மழையைப் பற்றி 150ஆம் பக்கத்தில் துப்பறிவாளர் முதன்முதலாக வாய் திறந்தால் அது மோசடி. பூத்திருக்கிறது என்று யாராவது போனில் சொல்லியிருக்கலாமே என்ற ஓட்டை உங்களுக்கு இப்போதே தோன்றியிருந்தால், நீங்கள் தேறிவிட்டீர்கள். அதை அடைக்கத்தான் "பூத்திருக்கு" என்று எழுதாமல் "வாசனையில தலை சுத்துது" என்று எழுதுவது. நிறத்தைப் போனில் சொல்லலாம், தலைச்சுற்றலைச் சொல்ல முடியாது.

ரானல்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், துப்பறியும் கதையும் எழுதியவர், 1929இல் இதற்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகிவிட வேண்டும், அமானுஷ்யம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிவாளருக்குக் கிடைத்த துப்பு வாசகருக்கும் கிடைக்க வேண்டும், இரட்டைப் பிறவிகளைத் திடீரென்று கொண்டுவரக் கூடாது. பாதி விளையாட்டாக எழுதியவைதான். இன்று யாரும் பத்தையும் பின்பற்றுவதில்லை. மீறியே புகழ்பெற்ற நாவல்களும் உண்டு. ஆனால் "ஏமாந்தேன்" என்பதற்கும் "ஏமாற்றப்பட்டேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க இன்னமும் அதுதான் கைக்கு அடக்கமான அளவுகோல்.

துப்பை எழுத்தாளர் எங்கே ஒளிப்பார்? மூன்று இடம் பழகிக்கொண்டால் போதும். ஒன்று, பட்டியலின் நடுவில். "மேசைமேல் கணக்கு நோட்டு, மூக்குக்கண்ணாடி, ஈரமான குடை, மிளகுச் சாம்பிள், பாதி குடித்த காப்பி." கண் முதலையும் கடைசியையும் பிடித்துக்கொள்ளும், குடை நழுவிவிடும். இரண்டு, புலம்பலுக்குள். "அஞ்சாம் தேதி பெஞ்ச மழையில போன கரண்ட் ரெண்டு நாளா வரலை, ஈ.பி.காரன் போனையே எடுக்கலை" என்று ரைட்டர் கத்தும்போது நாம் மின்வாரியத்தை நினைத்துத் தலையாட்டுகிறோம், தேதி பின்னால் போய்விடுகிறது. மூன்று, சத்தத்துக்கு முன்னால். துப்பு வந்த அடுத்த வரியில் ஒருவர் மயங்கி விழுவார் அல்லது கண்ணாடி உடையும். அத்தியாய முடிவில் ஏதாவது வெடித்தால், அதற்கு முந்தைய அரைப் பக்கத்தை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

சினிமாவில் மர்மம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அதிலும் சேலத்துக்காரர்களுக்குச் சினிமா மர்மம் சொந்த ஊர்ச் சரக்கு. ஏற்காடு சாலையில் இன்றும் வளைவு நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம், 1960களில் ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. படத்தில் கேமரா எதைக் காட்டவில்லையோ அதுவே மறைவு. எழுத்தில் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். அங்கே மறைவது வாக்கியத்தின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில்.

கையில் ஒரு சீட்டு

"யார்", "எப்படி" வகை நாவல் என்றால் அரைத்தாள் ஒன்றை மடித்துப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடு போட்டு மூன்று பத்தி: பெயர், அவர் சொன்ன நேரமும் இடமும், அதை வேறு யார் பார்த்தார்கள். பக்க எண்ணும் கூட. ஜப்பானிய, ஸ்காண்டிநேவிய நாவல்களின் தமிழ் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு இந்தச் சீட்டு இல்லாமல் இறங்கவே வேண்டாம். கதை கடினம் என்று அவற்றைக் கைவிடுகிறவர்கள் குறைவு. 40ஆம் பக்கத்துக்குள் நான்கு பெயர் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்குவதுதான் பெரும்பாலும் காரணம். பெயருக்குப் பக்கத்தில் "அக்கா வீட்டுக்காரர்", "பழைய இன்ஸ்பெக்டர்" என்று உறவை எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

முக்கால் பங்கில் நிறுத்துங்கள். 160 பக்கப் பாக்கெட் நாவலில் 120, நானூறு பக்க நாவலில் 300. அங்கே உங்கள் ஊகத்தை எழுதுங்கள்: யார், ஏன், எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறீர்கள். பெயர் மட்டும் சரியாக வந்தால் அது பாதி மதிப்பெண்கூட இல்லை. "சந்தேகமே வராத ஆள் இவர்தான், அதனால் இவர்தான்" என்பது எழுத்தாளரின் பழக்கத்தைக் கண்டுபிடிப்பது. குற்றத்தைக் கண்டுபிடிப்பது அல்ல. கதையில் ஒரு வேலையும் இல்லாமல் அடிக்கடி காப்பி கொண்டுவரும் பாத்திரத்தைப் பிடிப்பதும் அதே கணக்குதான்.

தமிழ் மாத நாவல்களுக்கென்று ஒரு தனி அமைப்பு உண்டு. ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படையில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, இரண்டும் கடைசியில் மோதும். ராஜேஷ்குமாரை முதன்முறை எடுப்பவர்கள் "அச்சுப் பிழையோ, இரண்டு நாவலைச் சேர்த்துத் தைத்துவிட்டார்களோ" என்று திகைப்பதுண்டு. இங்கே "இரண்டும் எங்கே சந்திக்கும்?" என்பதே உண்மையான கேள்வி. சீட்டில் இரண்டு கதைக்கும் பொதுவான பொருளை (ஒரு வண்டி, ஒரு ஊர், ஒரு வியாதி) மட்டும் குறித்து வாருங்கள், போதும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: ஏற்காடு போகும் பஸ்ஸில் படிக்கலாம் என்று நாவலை எடுத்துப் போகாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில், குனிந்து படித்தால் ஐந்தாவதிலேயே வயிறு புரட்டும். அடிவாரம் வரை படித்துவிட்டு, மேலே ஏரிக்கரையில் உட்கார்ந்து மறுபடி எடுங்கள்.

இன்றைய கதை என்றால் இன்றைய சட்டம்

சமகால நாவலைப் படிக்கும்போது சில இடங்களைத் தட்டிப் பார்க்கலாம். கொலைக்கு 302 என்பது நம் நாக்கில் ஊறிய எண். அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு; அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவு. அதற்குப் பிறகு நடந்த கொலைக்கு இன்ஸ்பெக்டர் 302 போட்டால் எழுத்தாளர் செய்தித்தாள் படிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு முன் நடந்த கொலை என்றால் 302தான் சரி.

இதைவிடப் பெரிய ஓட்டை கிளைமாக்சில் இருக்கிறது. எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, துப்பறிவாளர் விளக்க, கொலைகாரர் உடைந்து அழுது இன்ஸ்பெக்டரிடம் ஒப்புக்கொள்வார். சுபம். நம் நாட்டுச் சட்டப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27ஆம் பிரிவுகளில் இருந்தது. இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது தொடர்பான பகுதி மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது வேறு. ஆகவே நம் தம்பி அழுவதோடு நாவலை முடித்தால் அவர் வெளியே வந்துவிடுவார். பட்டறையில் அண்ணனின் ரத்தமோ, கார் டிக்கியில் முடியோ, சிசிடிவிப் பதிவோ வேண்டும். கெட்டிக்கார எழுத்தாளர் இதையே கதையின் கடைசித் திருப்பமாக்குவார்.

எல்லையும் பாருங்கள். ஏற்காடு, சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகிறது. செவ்வாய்ப்பேட்டை மாநகரக் காவல் ஆணையரின் கீழ். உடல் கிடைத்தது ஓரிடம், கொலை நடந்தது வேறிடம் என்றால் இரண்டு நிர்வாகம். கோப்பு கைமாறும் அந்த இரண்டு நாளில் தடயம் அழியும். "ஏன் அவ்வளவு சிரமப்பட்டு மலைக்குக் கொண்டுபோனான்?" என்பதற்கு இது ஒரு பதில். மரண நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லும் டாக்டரும், செல்போன் டவரை வைத்து "அந்த மாமரத்தடியில் நின்றிருந்தான்" என்று சொல்லும் சைபர் நிபுணரும் கதையில்தான் உண்டு. டவர் காட்டுவது பரப்பளவு. மலையில் அது இன்னும் விரியும்.

இந்தப் பிழைகள் "யார்", "எப்படி" நாவலைக் கொன்றுவிடும். "ஏன்" நாவலில் பெரும்பாலும் மன்னிக்கலாம்.

பிறருக்குச் சொல்வது

கேட்பவரிடம் "என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டுப் பயனில்லை. "நல்லா விறுவிறுன்னு" என்பார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். "கடைசியாக எந்தப் புத்தகத்தை அல்லது தொடரைத் தூங்காமல் முடித்தீர்கள், அதில் எது பிடித்தது?" என்று கேளுங்கள். "அந்த டாக்டர் பாவம்" என்று பதில் வந்தால் அவர் "ஏன்" ஆள். "நான் அப்பவே சொன்னேன், டிரைவர்தான்னு" என்றால் "யார்" ஆள். அடுத்து, எவ்வளவு நேரம் இருக்கிறது? சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஒரு பாக்கெட் நாவலுக்கு அது தாராளம்; நானூறு பக்கத்துக்குப் போதாது. பாதியில் இறங்கவைக்கும் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை: எதைப் படிக்க முடியாது? குழந்தைக்கு நேரும் கொடுமை, பாலியல் வன்முறை, சித்திரவதையின் விவரம். சமகால நாவல்களில் இவை சர்வ சாதாரணமாக வரும். முன்கூட்டிச் சொல்வது கதையை உடைப்பது ஆகாது. "குழந்தை தொடர்பான ஒரு பகுதி உண்டு, விவரமாக இல்லை" என்றால் போதும்.

எவ்வளவு கதை சொல்லலாம்? உடல் கிடைக்கும் வரை. நாவலில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஒரு வரி போனாலும் ஆபத்து. ஆனால் கதையே சொல்லாமல் கதையை உடைப்பவர்கள்தான் அதிகம். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு பாருங்க" என்றால், வாசகர் அதற்கு முன் வரும் எந்தத் தீர்வையும் நம்பமாட்டார். எழுத்தாளர் பாடுபட்டுக் கட்டிய பொய்த் தீர்வு வீண். "முதல் அத்தியாயத்தை நல்லா கவனிங்க" என்றால் துப்பு இருக்கும் இடத்தில் விரல் வைத்துக் காட்டியாயிற்று. "கதை சொல்றவரை நம்பாதீங்க" என்றால் புத்தகத்தையே மூடிவிடலாம். "அந்த நாவல் மாதிரியே" என்று இன்னொன்றோடு ஒப்பிடுவது எல்லாவற்றிலும் மோசம்; ஒரே வாயில் இரண்டு புத்தகம் காலி.

நம் கற்பனை நாவலை எப்படிச் சொல்வது? "ஒரு எஸ்டேட் கொலை. யாருமே எதிர்பார்க்காத ஆள், டைம் ஆஃப் டெத்தில ஒரு விளையாட்டு பண்ணியிருப்பாரு, செமையா இருக்கும்." இப்படிச் சொன்னால் இனி படிக்க ஒன்றும் இல்லை. மாற்றிச் சொல்வோம்: "ஏற்காட்டு பங்களாவில ஒருத்தர் செத்துக் கிடக்கிறார், நாலு பேர் மேல சந்தேகம். துப்பு எல்லாம் பக்கத்திலேயே இருக்கு, பேப்பர் பேனா வெச்சுக்கிட்டுப் படிக்கலாம். ரத்தம் அதிகமில்லை. எஸ்டேட் வாழ்க்கை நல்லா வந்திருக்கு, நடுவில ஐம்பது பக்கம் மெதுவா போகும்." கேள்வி எது, ஆட்ட விதி எது, எங்கே தொய்யும், எது உறுத்தாது என்று நான்கும் வந்துவிட்டன. தொய்வைச் சொல்லத் தயங்காதீர்கள்; எதிர்பார்த்துப் போகிறவர் அந்த ஐம்பது பக்கத்தில் புத்தகத்தை மூடமாட்டார்.

தொடர் வரிசை பற்றிக் கேட்பார்கள். கணேஷ்-வசந்த், பரத்-சுசீலா, நரேன்-வைஜயந்தி, விவேக்-ரூபலா என்று தமிழில் துப்பறியும் ஜோடிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் எதை முதலில் எடுத்தாலும் நஷ்டமில்லை, வழக்கு அதற்குள்ளேயே முடியும். இன்றைய வெளிநாட்டுத் தொடர்கள் அப்படியில்லை. துப்பறிவாளரின் மணமுறிவு, குடி, இறந்த சக அதிகாரி என்று நாவலுக்கு நாவல் நீளும். ஐந்தாவதை முதலில் படித்தால் மூன்றாவதில் இறந்தது யார் என்று போகிற போக்கில் தெரிந்துவிடும். அவற்றை முதல் நூலிலிருந்து கொடுங்கள். ஆங்கிலத்தில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பழைய துப்பறியும் நாவல்கள் சிலவற்றுக்குப் பிரிட்டனில் ஒரு பெயர், அமெரிக்காவில் வேறு பெயர். ஒரே நாவலை இரண்டு முறை வாங்கிவிட்டு, 20ஆம் பக்கத்தில் "எனக்கு முன்னாலேயே தெரிகிறதே, அபார மூளை" என்று மகிழவேண்டியதில்லை.

பின்னட்டையையும் இணைய மதிப்புரைகளின் கீழே வரும் பின்னூட்டங்களையும் படித்துவிட்டுத் தொடங்காதீர்கள். பின்னட்டை எழுதுகிறவருக்கு விற்பதுதான் வேலை. நூறாம் பக்கத்தில் நடக்கும் இரண்டாவது கொலையை முதல் வரியிலேயே போட்டுவிடுவார்.

பழைய புத்தகக் கடையில் பாக்கெட் நாவல் பொறுக்குகிறவர்களுக்கு உள்ள கவலை வேறு: கடைசித் தாள் இருக்கிறதா? மற்ற கதை என்றால் கடைசிப் பக்கம் போனாலும் சமாளிக்கலாம். இதில் அந்தப் பக்கம்தான் சொத்து. புரட்டிப் பார்த்தால் கொலைகாரர் பெயர் கண்ணில் பட்டுவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. நடுவில் பின் அடித்த நாவல்களில், அட்டையை விட்டுவிட்டால், முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதத்தின் இரண்டு பாதி. கடைசித் தாள் கிழிந்து போயிருந்தால் முதல் தாள் பிடிமானம் இல்லாமல் ஆடும், அல்லது அதுவும் உதிர்ந்திருக்கும். முதல் தாளை மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் முடிவு இருக்கிறது. ஆடினால் கடைக்காரரிடம் நீட்டி, கடைசிப் பக்கத்தில் "முற்றும்" இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.